ஈப்போ வழியில் எஞ்சினுக்குள் ஒரு சேறு

தெற்கிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு ஈப்போ நெருங்குவதைக் குன்றுகளே சொல்லிவிடும். கோப்பேங் வட்டாரத்தில் தொடங்கி, செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். பாதி வெள்ளை, பாதி பச்சை. அவற்றின் வயிற்றுக்குள் குகைகள். குவா தெம்புரோங், சாம் போ தோங், கெக் லோக் தோங் என்று பெயர்கள் நீளும். குனோங் சேரோவில் நம்முடைய கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. தைப்பூசத்தன்று காவடிகள் வந்து சேரும் இடமும் அந்தப் பாறையடிதான்.

குகைக்குள் போனவர்கள் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளைப் பார்த்திருப்பார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகக் கூரைக்கு வந்து, அங்கே மீண்டும் கல்லாகப் படிகிறது. வீட்டில் தண்ணீர் காய்ச்சும் கெட்டலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைப் படலமும் இதே கால்சியம் கார்பனேட்தான். அதையே ஒரு காரின் எஞ்சினுக்குள்ளும் பார்ப்போம் என்று இந்தப் பயணத்துக்குக் கிளம்பியபோது நாங்கள் நினைக்கவில்லை.

பயணத்தின் நோக்கம் வேறு. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பிறந்ததும், பால் ஸ்டோரில் வேலை செய்ததும், கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போகும் வரை வாழ்ந்ததும் அங்கேதான். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அந்தச் செம்பனை நிலமும் வீடமைப்புக்குக் கைமாறியிருக்கிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில் சாலையோரத்தில் ஒதுக்கப்பட்ட வேறு நிலத்துக்குப் போகப் போகிறது. பழைய இடத்தில் நடக்கும் கடைசித் திருவிழா இது என்று உறவினர் தொலைபேசியில் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லை. வயது 71. முட்டி வலி உண்டு. ஆனாலும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே புடவை கட்டித் தயாராகிவிட்டார்.

அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். பசியாறுதல் தாப்பா ஓய்விடத்தில். கார் நான்கு வயதுடையது, டர்போ எஞ்சின், சென்ற ஆண்டு இரண்டாவது கையாக வாங்கியது. பேராக்கின் தெற்கு வாசலான தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலையைத் தாண்டும்போது, “நம்ம காரு இங்கதான் செஞ்சாங்களாப்பா?” என்று சின்னவன் கேட்டான். இல்லை, இது வேறு நாட்டுப் பிறப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தோம்.

ஏறும் கோடு

கோப்பேங்கை நெருங்கும்போது வெப்பநிலை காட்டும் கோடு நடுவிலிருந்து ஒரு படி மேலே போயிருந்தது. வேகத்தைக் குறைத்து ஏர்கோனை அணைத்தேன். கோடு இறங்கியது. மறுபடி 110க்குப் போனதும் மறுபடி ஏறியது. ஐந்து பேர், பின்னால் அர்ச்சனைத் தட்டு முதல் அரிசி மூட்டை வரை சாமான், வெளியே நல்ல வெயில். சிம்பாங் பூலாய் சாவடியில் வெளியேறி நிழலில் நிறுத்தினோம். சிவப்பு விளக்கு எரியவில்லை என்றாலும் அதற்கு மேல் ஓட்ட மனம் வரவில்லை. காப்புறுதியோடு சேர்ந்த இழுவை வண்டியை அழைத்து, ஈப்போவில் இருக்கும் மைத்துனர் சொன்ன புந்தோங் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனோம்.

புந்தோங்கைத் தெரியாத தமிழர் பேராக்கில் குறைவு. ஈப்போவின் பழைய தமிழ்க் குடியிருப்பு அது. முறுக்கும் கச்சான் பூத்தேயும் பொரியும் வாசம் தெருவுக்குத் தெரு வரும். பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரும் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தோட்ட லாரி ஓட்டியவராம். காரைப் பார்ப்பதற்கு முன் அம்மாவைத்தான் பார்த்தார். “அக்கா, வெயில்ல நிக்காதீங்க. உள்ள வந்து உக்காருங்க” என்று நாற்காலி போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, நிக்கும்போது சூடு ஏறுச்சா, ஓடும்போது ஏறுச்சா?”

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி நோய் தெரிந்துவிடும் என்றார். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால், பெரும்பாலும் காற்றாடி சுற்றவில்லை. நெடுஞ்சாலையில் ஓடும்போது முன்பக்கத்திலிருந்து காற்று தானாகவே அடிக்கிறது. அப்போதும் சூடு ஏறினால், உள்ளே நீரோட்டம் தடைபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறும் வரை மூடியைத் தொடவில்லை. குளிர்விப்பு அமைப்பு அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஏறக்குறைய ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 100லிருந்து 120 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்ந்துவிடும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். உள்ளே இருப்பது ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். தோட்ட லாரியின் மூடியைச் சூடாகத் திறந்து அப்பா வாங்கிய தழும்பு முழங்கையில் சாகும்வரை இருந்ததாகச் சொன்னார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய கூலண்ட், பால் கலக்காத தேநீர் போல இருந்தது. வெள்ளைத் தாளை நனைத்து எடுத்தார். அதில் மூன்று விதமான பொருள்கள் ஒட்டியிருந்தன. துருப் பொடி, வெள்ளைச் செதில், கடுகைவிடச் சிறிய சாம்பல் மணிகள்.

அடுத்து வரிசையாகச் சோதனைகள். விரலில் தேய்த்துப் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை என்றார். எண்ணெய் கலந்திருந்தால் மைலோவில் பால் ஊற்றியது போலக் குழம்பாகியிருக்கும், அது பெரிய செலவின் அறிகுறி. பிறகு ஒரு கண்ணாடிக் குழலில் நீலத் திரவம் ஊற்றி ரேடியேட்டர் வாயில் வைத்தார். எரிந்த புகை கூலண்டுக்குள் கசிந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். ஆகவில்லை. எஞ்சின் தலைப்பகுதியின் கேஸ்கெட் நலம். கடைசியாக, எஞ்சினை ஓடவிட்டுத் துப்பாக்கி போன்ற வெப்பமானியால் ரேடியேட்டரை மேலிருந்து கீழாக அளந்தார். ஓரங்கள் சூடாகவும் நடுப்பகுதி வெகுவாகக் குளிர்ந்தும் இருந்தன. குளிர்ந்த இடத்தில் நீர் ஓடவில்லை என்று பொருள்.

புதிய வண்டி, ஊசித்துளை

நான்கு வயது வண்டியில் இவ்வளவு சேறு எப்படி என்று கேட்டேன். சேவைப் புத்தகத்தைப் புரட்டினார். எஞ்சின் எண்ணெய் மாற்றிய முத்திரைகள் ஒழுங்காக இருந்தன. கூலண்ட் பற்றி ஒரு வரியும் இல்லை. பிறகு தாளிலிருந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சுட்டிக் கதை சொன்னார்.

சாம்பல் மணிகள், ரேடியேட்டர் ஒழுகலை அடைக்கும் பொடியிலிருந்து வந்தவை. எப்போதோ ஒரு கசிவு இருந்திருக்கிறது. பழுது பார்க்காமல் பொடியைக் கொட்டி அடைத்திருக்கிறார்கள். அது ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டுப் போவதில்லை, குறுகலான இடங்களில் எல்லாம் தங்கும். வெள்ளைச் செதில், குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ ஊற்றியதன் அடையாளம். கடின நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு அதிகமான உலோகப் பரப்பைத் தேடிப் போய்ப் படியும். வெப்பம் அதன் வழியே எளிதில் வெளியேறாது. துருப் பொடி, கூலண்டின் பாதுகாப்புச் சரக்கு தீர்ந்துபோனதைக் காட்டுகிறது.

“எங்கப்பா லாரிக்கு ஆத்துத் தண்ணிதான். வாளியில மொண்டு ஊத்திக்கிட்டே போவாரு. அந்த ரேடியேட்டர் வாய்க்கால் மாதிரி, சேறு வந்தாலும் போயிடும். இது ஊசித்துளை” என்றார்.

அவர் சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கூலண்ட்தான் சுமந்து வெளியேற்றுகிறது. பழைய எஞ்சின்களில் கனமான வார்ப்பிரும்பு, அகலமான நீர்வழிகள், பித்தளை, செம்பு ரேடியேட்டர்கள். இப்போது எல்லாம் அலுமினியம். எடையைக் குறைக்க எஞ்சினும் சிறிது, ரேடியேட்டரின் தட்டைக் குழாய்களும் மெல்லியவை. போதாததற்கு அதே கூலண்ட் டர்போவின் தாங்கிகளுக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானுக்கும் ஓட வேண்டும். முன்பு ஒரு லாரிக்கு வலிக்காத ஒரு சிட்டிகை மண், இன்றைய காரில் ஒரு வழியையே அடைத்துவிடும்.

சில சமயம் குப்பை தொழிற்சாலையிலிருந்தே வரும். எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போது நீர்வழிகள் அமைவதற்கு உள்ளே மணல் அச்சு வைப்பார்கள். உலோகம் உறைந்த பிறகு மணலை உதிர்த்துக் கழுவி எடுத்துவிடுவார்கள். மூலைகளில் தங்கிய மிச்சம் பிற்பாடு கூலண்டோடு சுற்றி வரக்கூடும். இது தவிர, நீர்ப் பம்பின் பிளாஸ்டிக் இறக்கை உடைந்த துண்டுகள், பழுது பார்க்கும்போது அளவுக்கு மேல் பூசிய சிலிக்கோன் பசையின் பிசிறுகள், உள்பக்கம் உரிந்த ஹோஸின் தூள் என்று பட்டியல் உண்டு.

இன்னொரு முக்கியமான காரணம் கலப்படம். கூலண்ட் என்பது பொதுவாக எத்திலீன் கிளைகோலும் தண்ணீரும் துருத் தடுப்பு இரசாயனங்களும் சேர்ந்த கலவை. பனி விழாத நம் நாட்டில் உறைவதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் கொதிநிலையை உயர்த்தவும் துருப்பிடிக்காமல் காக்கவும் அது வேண்டும். துருத் தடுப்பில் பல குடும்பங்கள் உள்ளன. ஒத்துப்போகாத இரண்டைக் கலந்தால் இரண்டின் சக்தியும் குறையும். சில சேர்க்கைகள் கூழாகத் திரளவும் செய்யும். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தை நம்ப முடியாது, நிறத்துக்கு உலகம் முழுதும் ஒரே விதி கிடையாது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் ‘டெக்ஸ்-கூல்’ என்ற ஆரஞ்சு நிறக் கூலண்டைப் புகுத்தியது. சில வண்டிகளில் அது சேறாகிவிட்டது என்று உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்தது.

முப்பது கிலோமீட்டர்

மணி பன்னிரண்டாகிவிட்டது. மாலை ஆறுக்குக் கரகம் புறப்படும். சுங்கை சிப்புட் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான். தண்ணீரை நிரப்பிக்கொண்டு மெதுவாகப் போய்விட முடியுமா என்று கேட்டேன்.

“போலாம் தம்பி. வழியில சூடு ஏறினா அலுமினிய ஹெட் வளைஞ்சிடும். அப்புறம் முப்பது கிலோமீட்டருக்கு நாலாயிரம், அஞ்சாயிரம் வெள்ளி கணக்கு வரும். தெர்மோஸ்டெட்ட கழட்டிட்டு அனுப்புவாங்க சில பேரு. நான் செய்ய மாட்டேன்.”

தெர்மோஸ்டெட் என்பது 80 முதல் 90 டிகிரி அளவில் திறக்கும் ஒரு சிறிய கதவு. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் சரியான சூட்டில் ஓடாது. அடைப்பும் அப்படியே இருக்கும். அவர் பிடிவாதமாக மறுத்தது எனக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை தளர்த்திச் சொன்னால் அம்மாவின் திருவிழா நடந்துவிடுமே என்று தோன்றியது.

முடிவை அம்மாவே எடுத்தார். “வண்டி இங்க இருக்கட்டும். நாங்க என்னைக்குத் தோட்டத்துக்குக் காருல போயிருக்கோம்? வேற வண்டி புடிங்க.” பட்டறைக்காரர் தனக்குத் தெரிந்த வேன்காரரை அழைத்துக் கொடுத்தார். “அக்கா, எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கங்க” என்று பத்து வெள்ளியை அம்மாவின் கையில் வைத்தார்.

கடைசித் திருவிழா

செம்மோர் வழியாகப் பழைய சாலையில் போனோம். சுங்கை சிப்புட் நம் வரலாற்றில் பெரிய பெயர். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் அவர் தொடங்கினார். எல்லாத் தோட்டத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

அம்மாவின் தோட்டத்தில் லயங்கள் இல்லை. இடித்துவிட்டார்கள். செம்பனைகளுக்கு நடுவே சிமெண்டுப் படிக்கட்டு ஒன்று எங்கும் போகாமல் நிற்கிறது. “இது கிராணி வீடு” என்றார் அம்மா. ஆயக்கொட்டகை இருந்த இடம், பெரட்டுக்குக் கூடும் திடல், குளத்தங்கரை என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே நடந்தார். அவர்களுக்கு எல்லாம் ஒரே செம்பனைக் காடாகத்தான் தெரிந்தது. பால் ஸ்டோரின் தளம் மட்டும் தப்பியிருந்தது. அதில் செவ்வகத் தொட்டிகளின் அடையாளம்.

விடியுமுன் வெட்டிய பால் முற்பகலில் காண்டா வாளிகளில் இங்கே வரும். பட்டைத் துணுக்கு, இலை, எறும்பு எல்லாம் அதில் இருக்கும். சல்லடையில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து, பார்மிக் அமிலம் கலந்து உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளையில் அழுத்தித் தகடாக்கிப் புகைக்கூட்டில் தொங்கவிடுவார்கள். புகையூட்டிய தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதல் தரம் தொடங்கி ஐந்தாம் தரம் வரை கண்ணாலேயே பிரிப்பார்கள். பட்டைப் புள்ளி தெரிந்தால் தரம் இறங்கும், விலையும் இறங்கும். சல்லடை அம்மாவின் கையில் இருந்தது. “ஒரு துரும்பு தெரிஞ்சாலும் கிராணி கத்துவாரு” என்று சிரித்தார்.

மாலையில் கோயில் முன் நின்ற கார்களின் எண் தட்டுகளைப் பெரியவன் எண்ணினான். பினாங்கு, சிலாங்கூர், ஜொகூர், சிங்கப்பூர்கூட ஒன்று. இருபது வீடும் இல்லாத இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கரகம் ஆறு மணிக்குத் தப்பு முழங்கப் புறப்பட்டது. அம்மா தன் வயதுப் பெண்களோடு நடந்தார். முட்டி வலியை அன்று யாரும் கேட்கவில்லை.

பூசை முடிந்து கூழ் ஊற்றும்போது பேச்சு இடமாற்றத்துக்குத் திரும்பியது. அம்மன் சிலைக்குப் புது நிலம் கிடைத்துவிட்டது. கோயிலுக்குப் பின்னாலிருக்கும் இடுகாட்டுக்கு என்ன வழி? என் தாத்தாவும் பாட்டியும் அங்கேதான் இருக்கிறார்கள். மனு கொடுத்திருப்பதாக ஆலய நிர்வாகக் குழுவினர் சொன்னார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. பட்டறைக்காரர் கொடுத்த பத்து வெள்ளியை உண்டியலில் போட்டுவிட்டு, பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு இருட்டுவதற்குள் இடுகாட்டுப் பக்கம் போனார். எது யாருடைய மேடு என்று அவர்களிடம் சொல்லி வைத்தார். பெரியவன் கைப்பேசியில் படமெடுத்து, இடத்தையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டான்.

சல்லடை

திங்கட்கிழமை பொது விடுமுறையிலும் பட்டறை திறந்திருந்தது. சனிக்கிழமை பிற்பகலிலேயே வேலையைத் தொடங்கியிருந்தார். பழைய கூலண்டை வடித்து, தெர்மோஸ்டெட்டைக் கழற்றி, நீரோட்டம் வழக்கமாகப் போகும் திசைக்கு எதிராகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தியிருக்கிறார். இப்படிச் செய்தால் குறுகலான வாயில்களில் மாட்டியது வந்த வழியே வெளியேறும். பிறகு அலுமினியத்துக்கு ஏற்ற மிதமான சுத்திகரிப்பு மருந்தைக் கலந்து எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி வடித்திருக்கிறார். கடுமையான அமிலமோ காரமோ ஊற்றினால் சுண்ணாம்போடு அலுமினியமும் அரிபடும் என்று எச்சரித்தார்.

அப்படியும் ரேடியேட்டரின் நடுப்பகுதி திறக்கவில்லை. பொடி உள்ளே இறுகிவிட்டது. புதிய ரேடியேட்டரும் புதிய தெர்மோஸ்டெட்டும் போட்டார். இங்கேதான் அவர் கூடுதலாக ஒன்று செய்தார். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸுக்குள் மெல்லிய கம்பி வலை ஒன்றைப் பொருத்தினார். எஞ்சினின் மூலை முடுக்குகளில் ஒளிந்திருக்கும் மிச்சம் வெளியே வரும்போது, புது ரேடியேட்டரை அடையுமுன் அந்த வலையில் மாட்ட வேண்டும். வெறும் வடித்த நீரை நிரப்பி, ஊருக்குள் ஓட்டிப் பார்த்து, வலையைக் கழற்றிக் கழுவி, மறுபடி பொருத்தி, மூன்று முறை இப்படி.

நாங்கள் போனபோது மூன்றாவது முறை வலையை எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் அடங்கும் அளவுக்கு மணல் போன்ற வண்டல். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

“பாலுக்கும் இப்படித்தானே வடிகட்டுவோம்” என்றார்.

“அதேதான் அக்கா. ஸ்டோர் வேலையா நீங்க?” என்றவர், முதல் இரண்டு முறை வந்த வண்டலையும் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்ததை எடுத்து வந்தார். இருவரும் அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். எந்தத் தோட்டம், எந்தத் துரை, எந்தக் கிராணி என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் வாகனத் தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன அதே வகைக் கூலண்டை நிரப்பி, காற்றுக் குமிழிகள் வெளியேறும் வரை காத்திருந்து மூடினார். உள்ளே காற்று தங்கினால் அந்த இடத்தில் கூலண்ட் படாது, சூடு ஏறும். பழைய கூலண்டைக் கால்வாயில் கொட்டாமல் தனிப் பீப்பாயில் ஊற்றினார். எத்திலீன் கிளைகோல் நச்சு. இனிப்பாக இருப்பதால் நாய், பூனைகள் நக்கிவிட்டு உயிரிழக்கும். சிறு குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

செலவு 960 வெள்ளி. எஞ்சின் தலை வளைந்திருந்தால் அதைப்போல் பல மடங்கு ஆகியிருக்கும். திரும்பும் வழியில் அதே ஐந்து பேர், அதே ஏற்றம், அதே வெயில். கோடு நடுவிலேயே நின்றது.

நீண்ட பயணத்துக்கு முன்

வெளியூர் போகும் குடும்பங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை சில. எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் கூலண்ட் கலனின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டும். தேநீர் நிறமோ மிதக்கும் துணுக்கோ தெரிந்தால் பட்டறைக்குப் போங்கள். அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். அடைப்புப் பொடி அதற்கு மருந்தாகாது.

நிரப்புவதற்குக் கையேட்டில் உள்ள வகையை மட்டும் பயன்படுத்துங்கள். கலந்து தயாராக விற்கும் கூலண்ட் என்றால் தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. அடர்கூலண்ட் என்றால் வடித்த நீரோடு கலக்க வேண்டும். கனிம நீர் என்று போத்தலில் விற்பது வேண்டாம், அதன் பெயரிலேயே கனிமம் இருக்கிறது. வழியில் வேறு வழியே இல்லாவிட்டால், எஞ்சின் ஆறிய பிறகு சுத்தமான தண்ணீர் ஊற்றிப் பட்டறை வரை போகலாம். பிறகு முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் கூலண்ட் எப்போது மாற்றப்பட்டது, என்ன வகை என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்கிய கையோடு மாற்றிவிடுவது மலிவு. ஓடும்போது கோடு ஏறினால் ஏர்கோனை அணைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைத்து இழுவை வண்டியை அழையுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம்.

போகிறவர்களுக்கு

ஈப்போவுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் கல்லுமலை ஆலயத்தையும் ஒரு குகையையும் பார்க்கலாம். குகையில் கல் விழுதுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் 1938இல் கட்டப்பட்ட ஐந்தாம் எண் ஈய வாரிக் கப்பல் இருக்கிறது. ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ள அந்த மிதக்கும் இயந்திரம் 1980களின் தொடக்கம் வரை மண்ணை வாரி, தண்ணீரில் அலசி, ஈயத்தைப் பிரித்தெடுத்தது. வடக்கே கோலகங்சாரில், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் 1877இல் வந்த ரப்பர் கன்றுகளின் நினைவாக ஒரு முதிய மரம் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த பயிர் அது. திரும்பும்போது புந்தோங்கில் முறுக்கும் கச்சான் பூத்தேயும் வாங்க மறக்காதீர்கள்.

உங்கள் குடும்பத்துக்கும் ஒரு தோட்டம் இருந்தால், அதைத் தெரிந்த பெரியவரை இந்த ஆண்டே ஒருமுறை அழைத்துப் போங்கள். எங்கள் தோட்டத்துக் கோயிலில் அடுத்த ஆடி மாதத்துக்குள் பாலாலயம் செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இடுகாட்டு மனுவுக்கு இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அம்மா வாரம் ஒருமுறை சுங்கை சிப்புட்டுக்குத் தொலைபேசியில் பேசி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.